பதினோரு கட்டையும் ஒரு ஏசியும்

"நீ பின்வரிசையில நின்னு வாயசைச்சாப் போதும் மக்ளே," என்றார் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்தும் செல்வசிங் அண்ணன்.

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை. ஆராதனை முடிந்து அரங்கைக் காலி செய்யப் பத்து நிமிடம் இருந்தது. எங்களுக்குப் பின் அதே அரங்கில் ஆராதிக்கும் அடுத்த சபையார் கதவுக்கு வெளியே காத்து நின்றார்கள். பாட்டுத்தாள்களை அடுக்கியபடி, அண்ணன் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும்.

"அப்போ மூணாவது சரணம்?" என்று கேட்டேன். காற்று மட்டும் வந்தது. அவர் காதை என் வாயருகே கொண்டுவந்தார். மறுபடியும் கேட்டேன்.

"அத யாருக்காச்சும் குடுப்போம். நீ மனசத் தளரவிடாத. வரிசைல ஆளு கொறையப்பிடாது, சேல ஒண்ணுபோல இருக்கணும். அதுக்காச்சும் நீ வேணும் பாத்துக்க."

கடைசி வாக்கியத்தை அன்றே குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன். எதையும் எழுதி வைப்பது எனக்கு வேலையிலிருந்து வந்த பழக்கம். பர் துபாயில் ஒரு கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். தேதி, நேரம், என்ன செய்தேன், என்ன வந்தது. வந்த முடிவில் சந்தேகம் இருந்தால் மறுபடியும் சோதனை. என் விஷயத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருக்கும் என்பதால் என் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் அதிகம்.

அறுவடைப் பண்டிகைக்கு எங்கள் பாடகர் குழு ஒவ்வொரு ஆண்டும் செல்வசிங் அண்ணனே எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டைப் பாடும். நான்கு சரணம். மூன்றாவது சரணம் தனிக்குரல். மூன்று ஆண்டுகள் அதை நான் பாடினேன். இந்த ஜனவரியில் தைராய்டு ஆபரேஷன் ஆனது. கட்டியை எடுத்துவிட்டார்கள், இடப்பக்கக் குரல் நாண் அசைவதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பேசினால் காற்று வந்தது. ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்களின் பெயரைக் கூப்பிட முடியாமல் டோக்கன் எண்ணைத் தாளில் எழுதித் தூக்கிக் காட்டினேன். அம்மா போனில் "லைன் சரியில்ல, வச்சிட்டு மறுபடி விளி" என்றாள்.

மே மாதம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். கராமாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடி. செவ்வாயும் வியாழனும் ஏழு முதல் ஒன்பது வரை ஒலிப்பதிவும் மின்னிசையும் சொல்லித் தருவார்கள். குரல் போனவள் ஒலிப்பதிவு படிக்கப் போவது சரிதானா என்று சேர்ந்த அன்றே எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பாட முடியாவிட்டாலும் பாட்டின் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும்போல் இருந்தது.

வகுப்பு எடுத்தவர் பெனோ. தூத்துக்குடிக்காரர். பகலில் ஒரு ஹோட்டலில் சவுண்ட் வேலை. என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல், ஆனாலும் நான் "சார்" என்பேன். அவர் எல்லாப் பெண்களையும் "சிஸ்டர்" என்பார்.

வகுப்பின் மூலையில் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று துணி போர்த்தி நின்றது. மூடப்பட்ட ஒரு ஹோட்டலிலிருந்து வகுப்பின் உரிமையாளர் காதர் மைதீன் பாய் வாங்கி வைத்தது. மே இருபதாம் தேதி பெனோ சார் துணியை விலக்கினார். பார்க்க ஆர்மோனியத்துக்கு அண்ணன்போல இருந்தது. முப்பத்தைந்து கட்டைகள். மேல்மூடியைத் திறந்தபோது ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா தொங்கியது தெரிந்தது.

"இதுக்குள்ள கம்ப்யூட்டரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது," என்றார். "ஒவ்வொரு நாடாவுலயும் நெசமாவே ஆளுவ பாடி வச்சிருக்காவ. கட்டைய அமுக்கினா நாடா ஓடும். எட்டே செகண்டு. அதுக்கு மேல நாடா இல்ல. கைய எடுத்தா ஸ்பிரிங் இழுத்துப் பழைய எடத்துக்குக் கொண்டு போயிரும்."

ஒரு கட்டையை அழுத்தினார். யாரோ வெளிநாட்டுப் பெண்கள், பல வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு அறையில் நின்று, ஆ என்றார்கள். எட்டு வினாடி. பிறகு டக் என்று ஒரு சத்தம்.

அடுத்து அவர் காட்டியது ஒரு சின்ன சிந்தசைசர், மின்சாரத்திலேயே ஒலியை உண்டாக்கும் கீபோர்டு. மடியில் வைக்கலாம். அதன் தலையிலிருந்து வாத்துக்கழுத்துபோல ஒரு மைக் வளைந்து நின்றது. அதில் வோகோடர் என்ற வசதி இருந்தது. பெனோ சார் மைக்கில் "கடைல சாயா ரெடி" என்று பேசிக்கொண்டே கட்டையை அழுத்த, ரோபோ ஒன்று சாயாவுக்குக் கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர் அடுத்துச் சொன்னதை எழுதினேன்.

"இது நம்ம குரல்ல இருந்து சுருதிய எடுக்காது. சொல்ல மட்டுந்தான் எடுக்கும். சுருதி கீபோர்டு குடுக்கதுதான். வாய் ஒருத்தருக்கு, தொண்டை இன்னொருத்தருக்குன்னு வச்சுக்கிடுங்க."

பேனா நின்றது. கையைத் தூக்கினேன். "சுருதியே இல்லாத குரல்னா சார்?"

அவருக்குக் கேட்கவில்லை. முன்பெஞ்சில் இருந்தவர் திரும்பி என் கேள்வியை எடுத்துச் சொன்னார். பெனோ சார் என் பக்கம் திரும்பினார்.

"அப்பவும் பேசும் சிஸ்டர். குசுகுசுன்னு சொன்னாக்கூடப் போதும்."

அன்றைய பக்கத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன்: வெள்ளைப் பெட்டியின் ஆட்கள் தொண்டை. சின்னப் பெட்டி வாய். அப்படியென்றால் என் சரணம் என்னுடையதுதான்.

ஊருக்குத் திரும்பும் ஒரு பிலிப்பினோ நர்ஸிடமிருந்து அதே மாதிரி சின்ன சிந்தசைசர் ஒன்றை வாங்கினேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி வகுப்பு தொடங்கும் முன்பே போய் வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்துச் சின்னப் பெட்டியின் பின்பக்க இன்புட்டில் செருகினேன். வெள்ளைப் பெட்டியின் கட்டையை அழுத்தியபடி மைக்கில் பேசினேன். ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், வால்யூமைக் கூட்டினேன், மைக்கைச் சோதித்தேன். நாற்பது நிமிடம். என் தவறுதான் என்று தெரியும், எந்தத் தவறு என்று தெரியவில்லை. கடைசியில் வெள்ளைப் பெட்டியில் ஒரு விரலை அழுத்தியபடியே களைப்பில் முனகியபோது, முழங்கை சின்னப் பெட்டியின் கட்டைமேல் பட்டது. உடனே வெள்ளைப் பெட்டியின் பெண்கள் என் வாயால் "அய்யோ" என்றார்கள்.

வெளியிலிருந்து வரும் ஒலியை உள்ளே விட, சின்னப் பெட்டியிலும் ஒரு கட்டை அழுந்தியே இருக்க வேண்டும். கைப்பையில் இருந்த மைக்ரோபோர் பிளாஸ்திரியால் அந்தக் கட்டையை அழுத்தி ஒட்டினேன். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுவது. நன்றாகப் பிடித்தது.

பிறகு மூன்றாவது சரணத்தின் முதல் இரண்டு அடியைச் சொன்னேன்:

சுட்ட மணலில் சோறு கண்டோம்,
சுமந்த தோளில் சுகமும் கண்டோம்.

சுருதி வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து சுருதி வந்தது. ஆனால் சொல் வரவில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பாடியதுபோல இருந்தது. உயிரெழுத்து மட்டும் கேட்டது. சகரம், டகரம் எதுவுமே இல்லை. பெனோ சார் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வோகோடரு இருக்கதத்தான் செதுக்கும் சிஸ்டர், இல்லாதத உண்டாக்காது. ச-ன்னா காத்துச் சத்தம். அந்தப் பொம்பளைய வெறும் ஆ-ன்னுல்லா பாடியிருக்காவ? நாடாவும் பழசு. மேல்சத்தம் பூரா தேஞ்சு போச்சு."

"அப்போ புது நாடா போடணும்."

"யாரு பாடுவா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் தங்கியிருந்த கட்டடத்தில் ஐம்பது பேர் இருந்தோம்.

சரணத்துக்குப் பதினோரு சுரம் வேண்டும். பதினோரு பேர். முதல் ஆள் சுகிர்தராணி அக்கா. என் அறையில் மேல்கட்டில். நர்ஸ். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள்.

"ஏட்டி, நான் பன்னண்டு மணிக்கூர் டூட்டி முடிச்சிட்டு வந்திருக்கேன். இப்பவா ஆ-ன்னு கத்தணும்?"

"எட்டு செகண்டுதான் அக்கா."

"செல்வசிங் அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ ரெண்டு வாட்டி பாடுகேன்."

ஆகஸ்ட் முழுவதும் பதிவு செய்தேன். எங்கள் அறையே ஸ்டூடியோ. கதவில் ஒரு பட்டியலை ஒட்டியிருந்தேன்: போன்கள் அணைக்க, பிரிட்ஜ் பிளக்கை உருவ, மின்விசிறி நிறுத்த, ஜன்னல் சாத்த, கடிகாரத்தை வெளியே வைக்க. ஒவ்வொரு முறையும் டிக் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். வருபவருக்குச் சுருதியைக் காதில் கொடுத்து, ரெக்கார்டரை இயக்கி, விரலால் எட்டு எண்ணுவேன். மூன்றாம் மாடித் தையற்காரர், சாப்பாட்டுக்கடை அண்ணாச்சி, பக்கத்து அறை அக்காள்கள் மூன்று பேர் என்று வந்தார்கள். கேள்விப்பட்டு காதர் மைதீன் பாயே ஒருநாள் வந்து கீழ்ச்சுரம் ஒன்றைப் பாடிவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் உடையப்பன் அண்ணன் வாசலிலேயே தயங்கி நின்றார். பெண்கள் அறைக்குள் வரக் கூச்சம். கதவைத் திறந்துவைத்து, சுகிர்தராணி அக்காளையும் கூட வைத்துக்கொண்டு பதிவு செய்தேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். வாட்ச்மேன் ஆவதற்கு முன் ஒன்பது வருடம் கட்டட சைட்டில் கம்பி கட்டியவர்.

"நான் கூப்பாடுதான் போடுவேன் தங்கச்சி. பாட்டெல்லாம் வராது."

"கூப்பாடே போடுங்க அண்ணே. இந்தச் சுருதில."

ஆறாவது வினாடியில் அவருக்கு மூச்சு முட்டியது. நிறுத்திவிடவில்லை. ஹக் என்று மூச்சை இழுத்து மீதி இரண்டு வினாடியையும் பாடிவிட்டு, "தப்பாப் போச்சோ?" என்று கேட்டார். மறுபடி எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி, வகுப்பில் எல்லாவற்றையும் நாடாவுக்கு மாற்றினோம். பெனோ சார் ஹெட்போனை வைத்துக் கேட்டார். இரண்டாவதைக் கேட்டார். ஐந்தாவதில் கழற்றிவிட்டார்.

"சிஸ்டர், ஏசிய ஆஃப் பண்ணலியா?"

நான் பட்டியலைப் பார்த்தேன். பிரிட்ஜ் இருந்தது. மின்விசிறி இருந்தது. சுவர்க்கடிகாரம்கூட இருந்தது. ஏசி இல்லை. பதினோரு பேரும் பாடிய நேரமெல்லாம் அந்தப் பழைய ஜன்னல் ஏசி என் தலைக்கு மேலே இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அது எனக்குக் கேட்கவே இல்லை. பாட வந்த யாருக்கும் கேட்கவில்லை. அது நின்றால்தான் இங்கே எல்லோரும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவோம்.

"பூராவும் இரைச்சல்," என்றார். "ஒண்ணும் வெளங்காது. எல்லாத்தையும் திரும்ப எடுங்க. இத நான் கிளாஸ்ல போட்டுக் காட்டினேன்னா, எப்பிடிப் பதிவு பண்ணப்பிடாதுன்னு காட்டத்தான் ஆவும்."

முன்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. லேபில் மாதிரி கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுப்போம். ஆனால் அங்கேயும் நாங்கள் சோதிக்காமல் தூக்கிப் போடுவதில்லை.

"போட்டுப் பாத்துட்டு எடுக்கேன் சார்."

"என்னத்துக்கு நேரத்த வீணாக்குதீய?"

"என் நேரந்தானே சார்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மற்றவர்களிடம் போனார். நான் பதினோரு நாடாவையும் அளந்து வெட்டிப் பெட்டியில் மாட்டினேன். சின்னப் பெட்டியின் கட்டையில் பிளாஸ்திரியை ஒட்டினேன். மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, அடியைச் சொன்னேன்.

சுட்ட மணலில் சோறு கண்டோம்.

சுட்ட என்பதில் டகரம் வெடித்தது. சோறு என்பதில் சகரம் கத்தரியால் வெட்டியதுபோல வந்தது. பெனோ சார் கையில் கேபிளோடு திரும்பினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

அவர் பெட்டியருகே வந்து குனிந்து நாடாவைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏசி. அந்த இரைச்சல்தான்லா. கீழ இருந்து மேல வர எல்லாச் சத்தமும் அதுல இருக்கு. வோகோடருக்குச் செதுக்க மரம் கெடச்சிட்டு." கேபிளைக் கீழே வைத்துவிட்டு, "திரும்ப எடுக்காண்டாம் சிஸ்டர். நான் சொன்னதத்தான் திரும்ப எடுத்துக்கிடுதேன்," என்றார்.

ஏசியை மறந்தது என் தவறு. தவறாகவே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அடிக்கவில்லை.

நவம்பர் ஏழாம் தேதி ஒத்திகைக்கு இரண்டு பெட்டியையும் கொண்டுபோனேன். வெள்ளைப் பெட்டியைக் கேட்டபோது காதர் மைதீன் பாய், "என் தொண்டைய உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்கிட்டயே வாடகைக்குக் கேக்குறியா புள்ள? எடுத்துட்டுப் போ" என்றார். உடையப்பன் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் பிக்கப்பில் ஏற்றி இறக்கினார்கள்.

நான் சரணத்தைப் பாடிக் காட்டினேன். செல்வசிங் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாதனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மைக்குல நல்ல குரல் ஒண்ணு போனா இன்னும் எடுக்கும். நீ கட்டைய அமுக்கு. மாறு, பாப்போம்."

மைக்கைத் தன்னிடம் திருப்பி, தொண்டையைச் செருமி, அவருக்கே உரிய அந்த அசைவுகளோடு பாடினார். எங்கள் சபையில் அவரளவுக்குக் குழையும் குரல் யாருக்கும் இல்லை. நான் கட்டைகளை அழுத்தினேன். வெளியே வந்ததில் ஒரு குழைவும் இல்லை. சொல் மட்டும் வந்தது. அவர் நீட்டிய கடைசிச் சுரத்தின் ஆறாவது வினாடியில் ஹக் என்று ஒரு மூச்சு.

அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். "இது யாருக்க சத்தம்?"

"எங்க கட்டடத்து வாட்ச்மேன் அண்ணே."

சுகிர்தராணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாட்ச்மேனா? சபையில நிக்காத ஆளுவ சத்தமெல்லாம் எதுக்கு மக்ளே?"

"சுமந்த தோளுன்னு நீங்கதானே எழுதினீங்க. சுமந்தவங்க யாராவது ஒருத்தர் பாடட்டும்."

"அந்த இரைச்சல் வேற. ஆராதனைல ஏசி மெஷினா பாடுகது?"

"அது இல்லன்னா சொல் வராது அண்ணே."

"பாரு, நான் வேண்டாம்னு சொல்லல்ல. பின்னால நின்னு சும்மா ஆ-ன்னு வாசி, எல்லாச் சரணத்துக்கும். நல்லா நெறவா இருக்கும். மைக்கு மட்டும் வேண்டாம்."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்ற பழைய சந்தேகம் வந்தது. ஆனால் இந்த முடிவை நான் இரண்டு முறை அல்ல, இருபது முறை சோதித்திருந்தேன்.

"நீங்கதான் வாயசைச்சாப் போதும்னு சொன்னீங்க. இதுக்கு வாயசைச்சாப் போதும் அண்ணே."

"பாப்போம்," என்று பாட்டுத்தாள் கோப்பை மூடினார்.

நவம்பர் இருபத்தொன்று. அரங்கத்தின் வாசலில் ஆராதனை முறைத்தாளைக் கொடுத்தார்கள். அதில் அச்சடித்திருந்தது: அறுவடைப் பாடல், சரணங்கள் 1, 2, 4.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மூணக் காணோம்."

"ம்."

"என்னட்டி செய்யப் போற?"

கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தேன். பின்வரிசை. எல்லோரையும்போல ஊதாச் சேலை. வெள்ளைப் பெட்டிக்கு மேலே சின்னப் பெட்டி. மைக்கைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். நான் கழற்றவில்லை, தாழ்த்தி மட்டும் வைத்திருந்தேன்.

முதல் சரணம், இரண்டாம் சரணம். வெள்ளைப் பெட்டியை நேரே ஸ்பீக்கரில் செருகி, சொன்னபடி ஆ மட்டும் வாசித்தேன். இரண்டாவது முடிந்ததும் செல்வசிங் அண்ணன் நான்காவதற்காகக் கையை உயர்த்தினார். முப்பது பேர் மூச்சை இழுத்தார்கள். நான் வெள்ளைப் பெட்டியின் கேபிளைச் சின்னப் பெட்டிக்கு மாற்றி, பிளாஸ்திரியை அதன் கட்டையில் ஒட்டி, மைக்கை வாய்க்கு நேரே தூக்கி, முதல் கட்டையை அழுத்தினேன்.

சுட்ட மணலில்.

முன்வரிசையில் இரண்டு பேர் நான்காம் சரணத்தைத் தொடங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் வாயைத் திறக்குமுன் அக்கா கையை அகல விரித்து வரிசையையே மறித்தாள். அண்ணனின் கை மேலேயே நின்றது. என்னைத் தடுக்க அவர் அதை இறக்கி நான்காவதைத் தொடங்கினால் போதும். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பார்க்காமல் கட்டைகளைப் பார்த்தேன். தையற்காரர், அண்ணாச்சி, பாய், சுகிர்தராணி அக்கா, ஒவ்வொருவராக என் வாயில் வந்து போனார்கள். கூடவே எங்கள் அறையின் ஏசியும்.

கடைசிக் "கண்டோம்" உடையப்பன் அண்ணனின் கட்டை. நான் பாடிப் பார்க்கும்போதெல்லாம் அதை மூன்று வினாடியில் விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. ஆறாவது வினாடியில் அவர் மூச்சை இழுத்தார். எனக்கும் மூச்சு முட்டியிருந்தது. நானும் கூடவே இழுத்தேன். மீதி இரண்டு வினாடியும் ஓடி, நாடா தீர்ந்தது. டக்.

அண்ணன் கையை இறக்கவில்லை. ஒரு தாளம் விட்டு, நான்காவது சரணத்துக்கு அதை அசைத்தார். எல்லோரும் பாடினார்கள்.

ஆராதனைக்குப் பின், அடுத்த சபையார் கதவருகே சேர்ந்துகொண்டிருந்தபோது, அவர் பின்வரிசைக்கு வந்தார். நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"முறைத்தாள்ல இல்லாதத பாடியிருக்க."

"ஆமா அண்ணே."

பெட்டியைக் குனிந்து பார்த்தார். "அடுத்த வருசம் தாள்ல போடுகேன். ஆனா அந்த இரைச்சலும், கடேசில டக்குன்னு ஒரு சத்தமும், அது ரெண்டும் இல்லாம பாத்துக்க."

"ரெண்டும் இருக்கும் அண்ணே," என்றேன்.

வந்தது பழைய காற்றுதான். பெட்டியை அணைத்திருந்தேன், மைக்கும் இல்லை. ஆனால் இந்த முறை அவர் காதை என் வாயருகே கொண்டுவராமலே கேட்டுக்கொண்டார்.